உஷார்! வெயில் காலத்தில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்!

கோவையில் சைட் வாங்கப் போகிறீர்களா? வாடகைக்கு வீடு தேடுகிறீர்களா? பையனுக்குச் சரவணம்பட்டியில் வேலை கிடைத்துவிட்டது, பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்து வைத்துவிடலாம் என்று கோபியிலோ தாராபுரத்திலோ உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா?

ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தப் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

புரோக்கர் உங்களிடம் ஒரு பட்டியல் ஒப்பித்திருப்பார். ஸ்கூல் அஞ்சு நிமிஷம். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். ஏர்போர்ட் இருபது நிமிஷம். தெருமுனையில் பேக்கரி, தாண்டினால் கோயில். நோட்டீஸிலும் இதையேதான் கலர் கலராக அச்சடித்திருப்பார்கள். அந்தப் பட்டியலில் என்ன இல்லை என்று பார்த்தீர்களா?

தண்ணீர் இல்லை. வீட்டுக்குள் வர வேண்டிய தண்ணீரைப் பற்றியும் பேச்சில்லை. தெருவை விட்டுப் போக வேண்டிய தண்ணீரைப் பற்றியும் பேச்சில்லை.

பள்ளிக்கூடத்துக்கு நாம் போய்க்கொள்ளலாம். வேன் இருக்கிறது, பஸ் இருக்கிறது. தண்ணீர் நம்மைத் தேடி வர வேண்டும். வரவில்லை என்றால் கோடி ரூபாய் வீடும் வெறும் சுவர்தான். அழையாமல் வந்தாலோ, சுவரும் மிஞ்சாது.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். ஏரியா பெயரும் வேண்டாம், அவள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். வீட்டுக்காரர் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர். காங்கயம் பக்கத்தில் இருந்த பங்கு நிலத்தை விற்றார்கள். மீதிக்கு பேங்க் லோன். நகரத்தின் ஓரத்தில் மூணு சென்டில் ஒரு வீடு. கட்டி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. விற்றவர், மகன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான் என்றார். மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தார்கள். தெரு காய்ந்து பளிச்சென்று கிடந்தது. "முப்பதடி ரோடுங்க அம்மிணி, இந்த விலைக்கு வேற எங்கீங்க கெடைக்கும்?" என்றார் புரோக்கர். மறுநாளே அட்வான்ஸ்.

குடிபோன வாரமே பருப்பு வேகவில்லை. போர் தண்ணீர் அப்படி ஒரு உப்பு. வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, தீபாவளிக்கு முன்பே எரிந்து போனது. நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு மேல். வேலைக்குப் போகிறவள் டிரம்மும் குடமுமாக விழித்துக் கிடந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி. அவர்கள் தெருவில் தூறல்தான். இடிச்சத்தம் மட்டும் மேற்கே, மலைப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. விடிவதற்குள் முப்பதடி ரோடு முழுக்கத் தண்ணீர். சாக்கடையும் கலந்து, கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, பீரோவின் அடித்தட்டில் இருந்த பத்திரம் வரைக்கும் நனைத்துவிட்டது. ஃபிரிட்ஜ் போனது, மோட்டார் போனது. காலையில் நாலு வீடு தள்ளியிருந்த பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இது பள்ளமாச்சே அம்மிணி. எங்க காலத்துல இதுக்குள்ளதான் ஆடு மேய்ப்போம்."

அந்த அகலமான ரோடு இருக்கிறதே, அதுதான் பழைய ஓடை!

முந்தைய ஓனர் ஏன் மே மாதத்தில் விற்றார் என்று இப்போது அவளுக்குப் புரிகிறது. தானும் அடுத்த மே மாதம் விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

வாங்கப் போவது நீங்களாக இருக்கலாம். உஷார்!

ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர். மலையில் கொட்டும், ஊரில் வெயில் அடிக்கும். நம் பள்ளங்கள் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் காய்ந்துதான் கிடக்கும். பார்ப்பவருக்கு அது காலி இடம். கொஞ்சம் மண் கொட்டினால் ரோடு, இன்னும் கொஞ்சம் கொட்டினால் சைட். ஆனால் தண்ணீருக்குத் தன் தடம் மறப்பதில்லை. உங்கள் தெருவில் மழை பெய்யாத நாளிலும் மலையிலிருந்து அது இறங்கி வரும். நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. அதிலிருந்து வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குக் குளம் கோத்துவிட்டிருந்தார்கள் பெரியவர்கள். பேரூர், உக்கடம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று. ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குப் போகும். அந்த வாய்க்கால் மேல் ஒரு மதில் சுவர் எழுப்பினால் போதும், அதன் பின்னால் இருக்கும் மொத்தத் தெருவும் குளமாகும்.

சங்கனூர் பள்ளத்தைப் பாருங்கள். துடியலூர்ப் பக்கமிருந்து கவுண்டம்பாளையம், ரத்தினபுரி, கணபதி வழியாகச் சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிற ஓடை. நகரத்தின் நடுவே ஓடுகிறது, தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பாலத்தில் தாண்டுகிறார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. 2025 ஜனவரியில் அந்தப் பள்ளத்தில் தடுப்புச் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தபோது கரையோரத்து மாடி வீடு ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. ஐயோ பாவம் என்று பார்த்துவிட்டு, அடுத்த வாரமே நம்மவர்கள் இன்னொரு ஓடைக்கரையில் சைட் பார்க்கப் போனார்கள்.

ஊர்ப் பெயரைக் கேளுங்கள். பள்ளம், குட்டை, வாய்க்கால், ஏரி என்று பெயரிலேயே இருந்தால் ஒரு தடவைக்கு மூன்று தடவை விசாரியுங்கள். "லேக் வியூ" என்று போர்டு வைத்திருந்தால் இன்னும் ஜாஸ்தியாக விசாரியுங்கள். நம் குளங்களுக்கு வருவது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை, ஊர்ச் சாக்கடையும்தான். பால்கனியில் நின்று ஆகாயத்தாமரையைப் பார்க்கலாம், கொசுக்கடி இலவசம்.

சரி, போகிற தண்ணீரைச் சொல்லியாயிற்று. வருகிற தண்ணீர்?

கோவைக்காரர்கள் பேச்சில் ரெண்டு தண்ணீர் உண்டு. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. "தண்ணி வருதுங்களா?" என்று கேட்பார்கள். "வருதுங்க" என்று பதில் வரும். பொய் இல்லை. எந்தத் தண்ணி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம், மேல் மாடி டேங்க் வரை ஏறுமா? இதை நாலு கேள்வியாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

நகரத்தின் ஒரு பகுதிக்குச் சிறுவாணி, ஒரு பகுதிக்குப் பில்லூர், தெற்கே குறிச்சி, குனியமுத்தூர்ப் பக்கம் ஆழியாறு. சிறுவாணி ஏரியா என்றால் வாடகையே கொஞ்சம் ஏறும், ருசி அப்படி. அந்தச் சிறுவாணி அணை கேரளத்துக்குள் இருக்கிறது, 2017 கோடையில் அடிமட்டத்துக்குப் போனது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் போர் இருக்கிறது, கவலை இல்லை என்று நினைக்காதீர்கள். இது பாறை பூமி. ஆயிரம் அடி போட்டும் புழுதி பறந்த வீடுகள் இங்கே ஏராளம். பக்கத்து அப்பார்ட்மென்டில் ஒரு ஆழமான போர் இறங்கினால் உங்கள் போர் காற்று ஊதும்.

இன்னொன்று. முகவரியில் 'கோயம்புத்தூர்' என்று இருப்பதால் மட்டும் அது மாநகராட்சி ஆகிவிடாது. 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி, துடியலூர் எல்லாவற்றையும் சேர்த்து 100 வார்டாக்கினார்கள். எல்லையைத் தாண்டினால் பேரூராட்சி, ஊராட்சி. "சரவணம்பட்டி பக்கம்" என்று காட்டும் சைட் கீரணத்தம் ஊராட்சியில் இருக்கலாம். ஊராட்சி என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. ஆனால் பாதாளச் சாக்கடை இருக்காது, செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்குப் போன் போட வேண்டும். மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும், சேர்த்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவுக்கும் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் மூடியைக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் என்றால் அந்த வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு குடியேறாதீர்கள் கண்ணு. ஃபில்டர் மாட்டிக்கொள்ளலாம் என்பார்கள். குளிப்பதற்கும் துவைப்பதற்கும் ஃபில்டர் மாட்ட முடியுமா?

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் போகிறவர்களுக்கு உஷார் இரட்டிப்பு. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடு ஊருக்கே தெரியும். விவசாயத்துக்காக 1990-களில் கட்டிய அணை, தண்ணீர் வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலைக்குப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடச் சொன்னது. நிலத்துக்குள் இறங்கின உப்பு ஒரு தீர்ப்பில் மேலே வந்துவிடுமா? அந்தப் பக்கம் கிணறு, போர் தண்ணீரைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

தண்ணீருக்கு அடுத்தது காற்று. இதை யாருமே பார்ப்பதில்லை!

வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். சுமார் 650 ஏக்கர். ஊர் மொத்தத்தின் குப்பையும் வருஷக்கணக்கில் அங்கேதான் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் யார்? கோணவாய்க்கால்பாளையம், போத்தனூர்ப் பக்கமெல்லாம் வீடு கட்டிக் குடியிருந்த சாதாரண ஜனங்கள்.

இதில் ஒரு சூது இருக்கிறது, கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை நமக்கு மேற்குக் காற்று. நாற்றமும் புகையும் கிழக்கே போய்விடும். ஐப்பசிக்கு மேல் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும். மே மாதம் கிடங்குக்கு மேற்கே இருக்கும் வீட்டைப் பார்க்கப் போனால் மல்லிகை மணக்கும். கார்த்திகையில் ஜன்னலைத் திறக்க முடியாது. குப்பைக் கிடங்கு மட்டும் இல்லை. கணபதிப் பக்கத்து பவுண்டரி, பல்லடத்துக் கோழிப்பண்ணை, கிணத்துக்கடவு தாண்டினால் தென்னை நார் ஆலை, எல்லாவற்றுக்கும் இதே கதை. கோழிப்பண்ணை ஈயோடு வாழ்ந்தவரைக் கேளுங்கள், சோற்றுத் தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு மறு கையால் சாப்பிட்ட கதை சொல்வார். சோமனூர், கருமத்தம்பட்டி என்றால் தறிச்சத்தம். அது நம் ஊரின் சோறு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குத் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி வீடு எடுக்காதீர்கள்.

பக்கத்துச் சுவரையும் நிமிர்ந்து பாருங்கள். மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2. மழை பெய்த அதிகாலை. சுமார் இருபதடி உயர மதில் சுவர், பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர். அவர்கள் தங்கள் வீட்டில் ஒரு தப்பும் செய்யவில்லை. சுவர் அடுத்தவருடையது. உங்கள் வீடு எவ்வளவு உறுதி என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த மனை உங்களைவிட உயரத்தில் இருக்கிறதா, மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் கருங்கல்லா, அதில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா, வெடிப்பு ஓடுகிறதா?

மலையடிவாரம் அழகு. மருதமலை தெரியும், குளுகுளு என்று இருக்கும். யானையும் தெரியும்! தடாகம், தொண்டாமுத்தூர், நரசீபுரம், பெரியநாயக்கன்பாளையம் பக்கமெல்லாம் யானைகள் ராத்திரி இறங்குகின்றன. அரிசி வாசனைக்குக் கதவையே தள்ளுகின்றன. நாம் அவற்றின் வழியில் வீடு கட்டிவிட்டு, யானை ஊருக்குள் வந்தது என்கிறோம். அது கிடக்கட்டும். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிற கிராமங்களில் அதன் அனுமதி இல்லாமல் கட்ட முடியாது. சைட் கையில் இருக்கும், பிளான் அப்ரூவல் கிடைக்காது. தடாகம் பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. செம்மண் எடுத்த குழிகள் அப்படியே ஆழமாகக் கிடக்கின்றன. அப்படி ஒரு குழியை என்னத்தைப் போட்டு மூடி சைட் போட்டார்கள் என்று மேலிருந்து பார்த்தால் தெரியுமா?

இனி, "வரப்போகுதுங்க" என்கிற வார்த்தை. காசைக் கரைக்கிற வார்த்தை. பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது, மெட்ரோ வரப்போகுது, ஐ.டி. பார்க் வரப்போகுது.

வெள்ளலூரில் 168 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த பஸ் ஸ்டாண்ட் என்று 2020-ல் வேலை ஆரம்பித்தார்கள். சுற்றிலும் சைட் விலை எகிறியது. வேலை பாதியில் நின்றுவிட்டது. மெட்ரோ திட்ட அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. இதெல்லாம் நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். இன்றைக்கு அந்தத் தெருவில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். வந்தாலும் வம்பு உண்டு. விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கப் போகிறோம் என்று அறிவித்த பிறகு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். கணபதி, விளாங்குறிச்சி, காளப்பட்டிப் பக்கமெல்லாம் வீட்டு வசதி வாரியம் எப்போதோ நோட்டிபிகேஷன் போட்ட நிலங்கள் உண்டு. வாரியத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் அங்கே ஒரு செங்கல்கூட நகராது. விற்கிறவர் இதை வாயைத் திறந்து சொல்வாரா?

பேப்பர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வக்கீலிடம் எப்படியும் போவீர்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு விற்ற அங்கீகாரமில்லாத மனைக்கு 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் இடமில்லை. 500 சதுர மீட்டருக்கு மேல் போன மனைப்பிரிவு என்றால் ரெரா நம்பர் கேளுங்கள், அந்த நம்பரை இணையத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். வில்லங்கம், பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை போகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அந்தத் தங்கச்சி பார்த்திருந்தால் அவள் முப்பதடி ரோடு என்னவென்று அதிலேயே தெரிந்திருக்கும். அப்புறம், லேஅவுட் வரைபடத்தில் ரிசர்வ் சைட் எது என்று கேளுங்கள். பார்க்குக்கு ஒதுக்கிய இடத்தையே சைட்டாக விற்ற கதைகள் கோவையில் கொஞ்சநஞ்சம் இல்லை. மாநகராட்சி வந்து இடிக்கும்போது நம் வீடு நடுவில் இருக்கும்.

தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படவேண்டிய ஆபத்து அறிகுறிகள் சில உண்டு. புரோக்கர் பேசிக்கொண்டே வருவார், நீங்கள் இவற்றைப் பாருங்கள்.

வாசலுக்கு வாசல் நீல டிரம். நல்ல தண்ணீர் வருவது அபூர்வம் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டில் ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்கள், மோட்டாரை மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்கள், வாசலில் ஒரு அடிக்குப் புதிதாகத் தடுப்பு கட்டியிருக்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள்! தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

மதில் சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக் கோடு. அந்தச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

ரோடு மேலே, வீடு கீழே. ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள். மழைத் தண்ணீருக்கு உங்கள் ஹால்தான் பள்ளம்.

ஒரே தெருவில் நாலைந்து டு-லெட் போர்டு. ஆறு மாதத்துக்கு ஒரு குடித்தனம் மாறுகிறது. ஏன் என்று காலி செய்து போனவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

குழாய் மூக்கில் வெள்ளைப் படிவம். பாத்ரூம் டைல்ஸில் எத்தனை தேய்த்தும் போகாத வெண்புள்ளி.

ஓனர் அவசரப்படுத்துகிறார். "இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்கம்மா." வரட்டும். அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்.

நகரத்துக்குள் போகிற வழியில் ரயில்வே பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் போக வேண்டுமா? கிக்கானி பள்ளிப் பக்கம், லங்கா கார்னர், வடகோவை எல்லாம் ஒரு மணி நேர மழைக்கே நிரம்பிவிடும். பிரசவ வலி எடுத்தால் ஆட்டோ எந்த வழியில் போகும்? ஊரைச் சுற்றிப் போகிற நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் ஓரத்தில் வீடு பார்க்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் அந்த ரோட்டை எப்படிக் கடக்கிறார்கள் என்று காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். வயிறு கலங்கும்.

யாரிடம் கேட்பது? புரோக்கரிடம் கேட்காதீர்கள். வாங்கிப் போட்டிருக்கும் சொந்தக்காரரிடமும் கேட்காதீர்கள், நீங்கள் வந்தால்தான் அவர் சைட் விலை ஏறும். தெருமுனை பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். கோவையில் பேக்கரிக்குத் தெரியாத சேதி கிடையாது. தண்ணி திறந்துவிடுகிற ஆளைப் பிடியுங்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை நாள் முறை என்பது அவருக்கு மனப்பாடம். இஸ்திரிக்காரர், பால்காரர், தண்ணி லாரி டிரைவர். "இந்த வீதிக்கு மாசம் எத்தனை லோடு அடிக்கறீங்கண்ணா?" என்று ஒரு கேள்வி போதும். அறுபது தாண்டின ஒரு அப்பாருவைத் தேடுங்கள். "இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுங்க?" என்று கேளுங்கள். தோட்டம் என்றால் சந்தோஷம். குட்டை என்றால் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள்.

பகலில் பார்த்த இடத்தை ராத்திரி ஒன்பது மணிக்குப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா? டாஸ்மாக் எவ்வளவு தூரம்? டியூஷன் முடிந்து நம் வீட்டுப் பெண்பிள்ளை தனியாக நடந்து வர முடியுமா?

வாடகைக்குத்தானே, பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல யோசனைதான். சொல்லப்போனால், வாங்க நினைக்கிற ஏரியாவில் முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் பங்குனி வெயிலும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வாடகை தண்டம் என்று மாமனார் முணுமுணுப்பார். இருபது வருஷ இ.எம்.ஐ. அதைவிடப் பெரிய தண்டம்.

ஸ்கூலும் மாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை கடைசி. மழையில் தண்ணீர் நிற்காத மேட்டு பூமி, வாய்க்கு வைக்கிற தண்ணீர், மூச்சுவிடுகிற காற்று, வழக்கில்லாத பத்திரம். இந்த நாலும் தேறிய இடங்களுக்குள் ஸ்கூல் எது பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நாலில் ஒன்று தேறாவிட்டாலும், விலை பாதிக்குப் பாதி குறைத்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய மழை ஒன்று பெய்யட்டும். விடிந்ததும் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய் நின்று பாருங்கள். அதுவரைக்கும் பணம் பேங்கிலேயே இருக்கட்டும்.